கேக்கம்மாவின் இடது கன்னம்

போன வாரம் நம் கேக்கம்மாவையும் ஸ்டுடியோக்காரரையும் விசா ஆபீஸ் வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், அந்த வரிசை இப்போதுதான் நகர்ந்து அவர்களை உள்ளே தள்ளியிருக்கிறது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் முழிக்க வேண்டாம். கேக்கம்மா தெருமுனை பேக்கரியை நடத்துகிறவள். அவள் கணவர் அதே தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கேக்கம்மாவின் அக்கா கடல் கடந்து போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த மாதம் ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி வந்துடுடி. அப்புறம் உன் முகம் எனக்குத் தெரியுமா தெரியாதான்னு டாக்டரே கையை விரிக்கறார்" என்று போனில் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பாஸ்போர்ட், விசா, அப்பாயின்ட்மென்ட் ஓட்டமெல்லாம்.

நம்பர் வந்தது. இருவரும் கவுண்டருக்கு எழுந்து போனார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு அவர்கள் மருமகளின் வயசுதான் இருக்கும். கழுத்தில் அட்டை, காதில் ஒயர். சிரிப்புக்கு அந்த ஆபீஸில் தடை போலிருக்கிறது.

"கேமராவைப் பாருங்கம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழட்டுங்க. ஆடாதீங்க."

கேக்கம்மா ஆடாமல் பார்த்தாள். மெஷின் சிணுங்கியது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், விண்ணப்பத்தோடு இருந்த போட்டோவைப் பார்த்தாள், கேக்கம்மாவைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திரையிலிருந்து ஆரம்பித்தாள்.

"இது யாரு?"

"நான்தான்."

"இந்தப் போட்டோல இருக்கறது?"

"அதுவும் நான்தான்."

"உங்க தங்கச்சி போட்டோவை மாத்திக் குடுத்துட்டீங்களா?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதும்மா. எங்க அக்காவுக்கு நான்தான் தங்கச்சி."

பின்னால் நின்றிருந்த ஸ்டுடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தொழில் விஷயமாயிற்றே! தலையைக் கண்ணாடிக்குள் நுழைக்காத குறையாக முன்னால் வந்தார்.

"அந்தப் படத்துல என்ன குறை? நான் எடுத்தது. வெள்ளை பேக்கிரவுண்டு, ரெண்டு காதும் தெரியுது, ஒரு பொட்டு நிழல் கிடையாது. ரூல் புக்குல சொன்ன மாதிரி இருக்கு."

"குறை சொல்லல சார். அம்மாவோட இடது கன்னத்துல பெரிய தழும்பு ஒண்ணு இருக்கு. போட்டோல அது இல்ல. பாஸ்போர்ட் படத்துலயும் இல்ல. மெஷின் வேற ஆளுன்னு சொல்லுது."

ஸ்டுடியோக்காரர் படத்தைக் கையில் வாங்கினார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். நிஜமாகவே திகைத்துப்போனார். இந்த மனுஷனுக்கு நடிக்கத் தெரியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"தழும்பு எங்க போச்சு?" என்று கேட்டார்.

அதை அவரே கேட்டதுதான் கொடுமை.

கதை இதுதான். பேக்கரியில் ஒரு நாள் கொதிக்கும் சர்க்கரைப் பாகுச் சட்டி அடுப்பிலிருந்து சரிந்தது. கேக்கம்மாவின் இடது காதுக்குக் கீழிருந்து கழுத்து வரைக்கும் வெந்துபோயிற்று. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அக்கா ஊரை விட்டுப் போனதற்கு அப்புறம் நடந்தது.

ஸ்டுடியோக்காரருக்கு ஒரு பழக்கம். படம் எடுத்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பருவை எடுப்பார், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பார், வழுக்கைக்குக்கூட நாலு முடி கொடுப்பார். யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் எல்லோரும் அடையாள அட்டையில் மட்டும் அழகாக இருப்பார்கள். அட்டையை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அதே கைதான் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் எடுத்த படங்களில் மனைவியின் தழும்பையும் துடைத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் கைக்குப் பழகிப்போய், இந்தப் படத்திலும் செய்தது அவருக்கு ஞாபகம் இல்லை.

"இப்ப என்ன பண்றதும்மா?" என்று கேக்கம்மா கேட்டாள்.

"கை வைக்காத போட்டோ ஒண்ணு வேணும். அதோட, தழும்பு தெரியற மாதிரி பழைய படம் ஏதாவது தேதியோட வேணும். பாஸ்போர்ட்ல இல்லாத தழும்பு திடீர்னு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா நாங்க பதில் சொல்லணுமில்ல? கவுண்டர் மூடறதுக்குள்ள கொண்டு வந்தா இன்னிக்கே சேர்த்துடறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா புது அப்பாயின்ட்மென்ட்தான். அடுத்த மாசக் கடைசியில கிடைக்கும்."

அடுத்த மாதக் கடைசியில் அக்காவின் ஆபரேஷன் முடிந்திருக்கும். கேக்கம்மா கவரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தழும்பு இருந்த கன்னம் கணவர் பக்கம் இருந்தது. வழக்கமாக அவள் இடம் மாறி உட்காருவாள். இன்றைக்கு மாறவில்லை.

"பழைய படம்தானே? நம்ம கிட்டயா படத்துக்குப் பஞ்சம்? ஆயிரக்கணக்குல கிடக்கு. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அவர்.

அவள் மடியில் இருந்த கவரின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது பேசேன்."

"என்னத்தைப் பேசறது? ஸ்டுடியோவுக்குப் போய்த் தேடுங்க."

தேடினார்கள். ஸ்டுடியோவின் பின்னறையில் ஆல்பங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கம்ப்யூட்டரில் வருஷ வாரியாகப் படங்கள் இருந்தன. முதலில் மகன் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தார்கள். கேக்கம்மா பட்டு போன்ற கன்னத்தோடு மாலை போட்டுக்கொண்டு நின்றாள். பேக்கரி புதுக்கடை திறந்த அன்றைக்கு எடுத்த படத்திலும் அதே கன்னம். மகன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய நாளில் வாசலில் எடுத்த படத்திலும் அப்படியே. தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து நின்ற குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. அதில் கேக்கம்மா மூலையில் கடுகளவு இருந்தாள். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடுகளவு முகத்தில் இருந்த கடுகளவு தழும்பையும் விடாமல் துடைத்திருந்தார்.

"இதைக்கூடவா!" என்று அவரே வாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரிஜினல் இருக்குமே? கை வைக்கறதுக்கு முன்னாடி எடுத்தது?"

"இடம் பத்தலைன்னு ஒரிஜினலையெல்லாம் அப்பப்ப அழிச்சுடுவேன். சரி பண்ணினதைத்தான் வெச்சுக்குவேன்."

ஊரில் உள்ள முகத்தையெல்லாம் பிடித்து வைத்திருக்கிற மனுஷன். கட்டின மனைவியின் முகம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. இதை என்னவென்று சொல்ல? அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல புதுசை எடுங்க. பழசை அப்புறம் யோசிக்கலாம்" என்றாள் கேக்கம்மா.

அவள் போய் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்துச் சுவரில் கண்ணாடி. அதன் கீழே கயிற்றில் கட்டிய சீப்பு. ஆணியில், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் கறுப்புக் கோட்டு முதுகில் துணி கிளிப்புகளோடு தொங்கியது. எத்தனையோ ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி அது. அவளும்தான் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "லேசா இடது பக்கம் திரும்பு" என்று அவர் சொல்வார், அவளும் திரும்புவாள்.

இன்றைக்கு அவர் பழக்கத்தில் "லேசா இடது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நேரா பாரு" என்றார்.

விளக்கு பளிச்சென்று அடித்தது. படம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தது. அவர் உட்கார்ந்தார். வலது கை தானாக மவுஸைப் பிடித்தது, கன்னத்தைப் பெரிதாக்கியது, துடைக்கிற பிரஷ்ஷை எடுத்தது. கேக்கம்மா பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"கையை எடுங்க."

"இல்ல, வெளிச்சத்தை மட்டும்தான் கொஞ்சம்..."

"வெளிச்சமும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். கையை எடுத்துக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையனைப் போல அவர் கையைக் கட்டிக்கொண்டார். அவளே எட்டி பிரிண்ட் பட்டனை அழுத்தினாள். மெஷின் கரகரவென்று ஓட ஆரம்பித்தது.

"உங்களை ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"என் மூஞ்சியைப் பாக்க உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?"

"என்ன உளர்றே?"

"உளறல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் அடையாள அட்டைக்குன்னு ஒரு படம் எடுத்தீங்க. கையில குடுத்தீங்க. பாத்தா தழும்பே இல்ல. சரி, இவருக்கே பாக்கப் பிடிக்கல போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிலேர்ந்து உங்க பக்கம் இந்தக் கன்னத்தைக் காட்டாம உக்காந்து உக்காந்து எனக்குக் கழுத்தே ஒரு பக்கமா போயிடுச்சு."

ஸ்டுடியோக்காரர் எழுந்தேவிட்டார்.

"நீதானே சொன்னே!"

"நான் என்ன சொன்னேன்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி ஏறும்போது சொன்னியே. 'இனிமே இந்த மூஞ்சியோட எந்தப் போட்டோவுலயும் நான் நிக்க மாட்டேன்'னு சொன்னே. எனக்கு வேற தொழில் தெரியுமா? உன்னை நிக்க வைக்கணும்னா அதைத் துடைக்கணும்னு துடைச்சேன். படத்தைப் பாத்துட்டு நீ ஒண்ணும் சொல்லல. சரி, பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சத்தியமா சொன்னே."

கேக்கம்மா யோசித்தாள். வண்டி ஞாபகம் இருக்கிறது, வெயில் ஞாபகம் இருக்கிறது, முகத்தில் கட்டியிருந்த துணியின் மருந்து நாற்றம் ஞாபகம் இருக்கிறது. சொன்னது மட்டும் ஞாபகமே இல்லை.

"வலியில ஏதாவது சொல்லியிருப்பேன். அதையெல்லாம் உத்தரவுன்னா எடுத்துக்குவாங்க?"

"நீ சொல்லி நான் எதை உத்தரவா எடுத்துக்கல?"

நியாயமான கேள்விதான். சிரிப்பதா, அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் நின்றாள். அவளுக்கென்று அவர் துடைத்திருக்கிறார், அவருக்கென்று அவள் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். யார் யாருக்காக மறைத்தார்கள் என்று இருவருக்கும் குழம்பிப்போயிற்று. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது.

"அப்போ அக்காவுக்கு அனுப்பினது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

அது அவள் செய்த வேலை. துடைத்த படங்களைத்தான் இத்தனை வருஷமும் அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குக் கண் கொஞ்சமாவது தெரிந்த காலத்தில் வீடியோவில் பேசினால், "கேமரா சரியில்லக்கா" என்று சொல்லி வலது கன்னத்தை மட்டும் காட்டுவாள். பாகு கொட்டியதையே சொல்லவில்லை. தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அக்கா அழுவாளே என்று முதலில் தள்ளிப்போட்டாள். நாளாக ஆக, இனிமேல் எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது.

"நேர்ல போனா தெரியத்தான் போகுது. அங்க போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "இப்ப போறதுக்கே வழியக் காணோமே."

ஸ்டுடியோ கதவு திறந்தது. மருமகள் உள்ளே வந்தாள். பக்கத்துத் தெருவில் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன அத்தை? ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?"

கேக்கம்மா விஷயத்தைச் சொன்னாள். விண்ணப்பத்தை ராத்திரி பகலாக உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவள் மருமகள்தான். ஆபீஸ் தொடர்புக்கென்று கொடுத்ததும் அவள் போன் நம்பர்தான். அதனால் மளமளவென்று புரிந்துகொண்டாள்.

"உன் போன்ல ஏதாவது இருக்கா? எப்பப் பாத்தாலும் டிக் டிக்குன்னு எடுத்துக்கிட்டே இருப்பியே" என்று கேட்டார் மாமனார். கேட்பதற்குள் அவருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. போனில் எடுக்கிற படமெல்லாம் படமே இல்லை, வெளிச்சம் தெரியாதவர்கள் எடுப்பது என்று அவளை நாள் தவறாமல் கேலி செய்கிறவர் அவர்.

மருமகள் உடனே போனை எடுக்கவில்லை. அதுதான் விசித்திரம். எதற்கெடுத்தாலும் போனை நீட்டுகிற பெண் இன்றைக்குத் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"இருக்கு மாமா. ஆனா..."

"ஆனா என்ன?"

"பழைய போன் செத்துப்போச்சுல்ல? அதுல இருந்ததெல்லாம் போச்சு. ஒரு இடத்துல மட்டும்தான் இருக்கு. அதைக் காட்டினா அத்தை என்னைத் திட்டுவாங்க."

"திட்ட மாட்டேன். காட்டு."

"சத்தியமா?"

"காட்டுடி!"

மருமகள் போனைத் திறந்து நீட்டினாள். வாட்ஸ்அப். மேலே பெரியம்மா என்று இருந்தது. கேக்கம்மாவின் அக்கா.

விரலால் தள்ளித் தள்ளிக் கேக்கம்மா மேலே போனாள். பேக்கரி மேஜையில் மூக்கு நுனியில் மாவோடு அவள் சிரிக்கிற படம். ஜன்னல் வெயில் இடது கன்னத்தில் நேராக விழுகிறது. தழும்பு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. கீழே மருமகள் எழுதியிருந்தாள்: "இன்னிக்கு உங்க தங்கச்சி இப்படிச் சிரிச்சாங்க பெரியம்மா." அதற்கு முன்னால் இன்னொன்று, நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற படம். அதற்கும் முன்னால், பஸ் ஸ்டாப்பில் யாருடனோ சண்டை போடுகிற படம். எல்லாவற்றிலும் தேதி. எல்லாவற்றிலும் தழும்பு. வருஷக்கணக்காகப் போய்க்கொண்டே இருந்தது.

"கல்யாணமான புதுசுல பெரியம்மா கேட்டாங்க அத்தை. ஸ்டுடியோ படம் வேண்டாம், அதுல எல்லாரும் பொம்மை மாதிரி இருக்காங்க, நிஜமா எப்படி இருக்கான்னு எடுத்து அனுப்புன்னாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? அனுப்பிட்டேன். அனுப்பினப்புறம்தான் அவங்களுக்கு விஷயமே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

"அவ என்ன சொன்னா?"

மருமகள் அந்த இடத்தைக் காட்டினாள். முதல் படத்துக்கு அக்கா அன்றைக்கு முழுக்கப் பதில் போடவில்லை. மறுநாள் இரண்டே வரி எழுதியிருந்தாள். "இன்னும் அனுப்பு. அவகிட்ட சொல்லாதே."

கேக்கம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது. யார் மேல் வருகிறது என்றுதான் பிடிபடவில்லை. மருமகள் மேலா? அக்கா கேட்டதைச் செய்தவள் அவள். அக்கா மேலா? தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல், "கேமரா சரியில்லக்கா" என்றதற்கெல்லாம் "ஆமாண்டி, நல்ல போனா வாங்கு" என்று தலையாட்டியிருக்கிறாளே!

"எனக்கு ஒண்ணுமே புரியல" என்றாள். "இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாமும் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் மறைச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"எனக்கும் தெரியாது" என்றார் ஸ்டுடியோக்காரர் பரிதாபமாக.

"உங்களுக்கு எதுதான் தெரியும்?"

மருமகள் மணியைப் பார்த்தாள். "அத்தை, திட்டறதை பஸ்ல வெச்சுக்கலாம். கவுண்டரை மூடிடுவாங்க."

வெயிலும் மாவும் சிரிப்புமாக இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தேதியோடு பிரிண்ட் எடுத்தார்கள். வெளிச்சம் தெரியாதவர்கள் எடுத்த அந்தப் படத்தை ஸ்டுடியோக்காரர் தன் கையாலேயே ஓரம் வெட்டிக் கவரில் போட்டார். வெட்டும்போது ஒரு நொடி நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றார் மருமகளிடம்.

மருமகள் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

கவுண்டர் பெண் புதுப் படத்தைப் பார்த்தாள், பழைய படத்தைப் பார்த்தாள், கேக்கம்மாவைப் பார்த்தாள். மெஷின் இந்தத் தடவை சிணுங்கவில்லை. மாவு மூக்குப் படத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, உடனே அடக்கிக்கொண்டாள்.

"வாங்கிக்கறேன். ஆனா பாஸ்போர்ட் விஷயம் மேல போகணும். என்ன முடிவுன்னு போனுக்கு மெசேஜ் வரும்."

"கெடச்சுடுமாம்மா?"

"அது என் கையில இல்லம்மா. மெசேஜ் வரும், பாருங்க."

மூன்று பேரும் வெளியே வந்து ஆபீஸ் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மருமகள் பையிலிருந்து பேக்கரி பன் ஒன்றை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள்.

கேக்கம்மா பன்னைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மிச்சமிருந்த புதுப் படத்தை மடியில் வைத்து, தன் போனாலேயே அதை ஒரு படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினாள். ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது?

உடனே போன் அடித்தது. அக்காதான்.

"என்னடி, டிங்குன்னு சத்தம் வந்துச்சு. ஏதோ அனுப்பினியா?"

"படம்க்கா. பாரேன்."

எதிர்ப்பக்கம் போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க பாக்கறது? இன்னிக்குக் காலையிலேர்ந்து போன்ல எதுவுமே தெரிய மாட்டேங்குதுடி. பனி மூட்டம் மாதிரி வெள்ளையா இருக்கு. டாக்டர்கிட்டப் போனேன். ஆபரேஷனை முன்னாடியே வெச்சுக்கலாமாங்கறார். டிங்குன்னு சத்தத்தை வெச்சு நீன்னு கண்டுபிடிச்சு, போன்கிட்ட வாயால சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டேன். பயப்படாதே. என்ன படம், நீயே சொல்லு."

கேக்கம்மா பன்னைப் பெஞ்சில் வைத்தாள். இத்தனை வருஷம் காட்டாமல் ஒளித்த முகத்தை இன்றைக்குத்தான் முதல் முதலாகத் தன் கையால் அனுப்பினாள். இன்றைக்குப் பார்த்து அக்காவுக்குக் கண் தெரியவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மற்ற இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"என் படம்தான்க்கா. நெசமான படம். கன்னத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"ம். சொல்லு."

"உனக்குத்தான் தெரியுமே! ஏங்க்கா என்கிட்ட கேக்கல?"

"நீயா காட்டுவேன்னு இருந்தேன். நான் கேட்டா, ஒளிச்சு வெச்சதைக் கண்டுபிடிச்சுட்டாளேன்னு கூசிப்போவியேன்னு பயந்தேன். அதை விடு. இப்ப சொல்லு, எப்படி இருக்கு? உன் மருமக அனுப்பினதெல்லாம் சின்னச் சின்னப் படம், எனக்கு அப்பவே பாதிக் கண்ணு. சரியாப் பாத்ததே இல்ல."

கேக்கம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கண்ணாடியில் வலது கன்னத்தை மட்டும் பார்த்துப் பழகியவள். தழும்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. உதவி கேட்பதுபோலக் கணவரைப் பார்த்தாள்.

ஸ்டுடியோக்காரர் போனை வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்றேன்க்கா. காது மடலுக்குக் கீழ ஆரம்பிக்குது. அந்த இடத்துல கட்டை விரல் அகலம் இருக்கும். லேசாப் பளபளன்னு இருக்கும், மத்தத் தோல் மாதிரி வெளிச்சத்தை வாங்காது. கன்னத்து நடுவுல மெலிசாகி, தாடைகிட்ட ரெண்டாப் பிரியும். மேல போறது குட்டை. கீழ இறங்கறது கழுத்து வரைக்கும் வரும். அது நுனியில சின்னதா ஒரு மச்சம் இருக்கு, அது பழைய மச்சம், உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் தம்பி. குழந்தையிலேர்ந்தே இருக்கு."

"அது தப்பிச்சுடுச்சு. இவ சிரிச்சா மேல இருக்கற கிளை மடங்கிக் கன்னத்துக்குள்ள போயிடும். கோவம் வந்தா கீழ இருக்கறது சிவக்கும். நூறு தடவை துடைச்சிருக்கேன்க்கா. கண்ணை மூடிக்கிட்டு வரைஞ்சு காட்டுவேன்."

கேக்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பிடிக்காமல் துடைக்கிறார் என்று அவள் நினைத்திருந்த மனுஷனுக்கு, அவள் கன்னம் அவளைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

"இப்ப எப்படி இருக்கா? சிரிக்கறாளா, கோவமா இருக்காளா?" என்றாள் அக்கா.

"இப்பவா? அழுதுக்கிட்டு இருக்காக்கா."

"அழட்டும். விசா வந்ததும் அழைச்சுக்கிட்டு வாங்க தம்பி. கண்ணுக்குத் தெரியலன்னா தொட்டுப் பாத்துக்கறேன். எனக்கு எங்க கையை வைக்கணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அந்த நேரத்தில்தான் மருமகளின் மடியில் இருந்த போன் மின்னியது. விசா ஆபீஸ். அதற்குள்ளாகவா என்று நினைத்துக்கொண்டே திறந்தாள். இரண்டே வரி. நாளைக் காலை நேரில் வரவும். கணவர் மட்டும்.

மருமகள் மறுபடியும் படித்தாள். அத்தையின் படத்தில்தானே சிக்கல்? மாமாவை எதற்குத் தனியாகக் கூப்பிடுகிறார்கள், படத்தைத் துடைத்தவர் என்றா? நிமிர்ந்து பார்த்தாள். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த கிளை, மாமா சொன்ன மாதிரியே, கன்னத்துக்குள் மடங்கிப் போயிருந்தது.

"யாரும்மா மெசேஜ்?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

மருமகள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. கிளினிக்லேர்ந்து. நீங்க பெரியம்மாகிட்டப் பேசுங்க."